வேண்டாம் என்று சொல்லப் போன ஊர்

ரயிலில் அயர்ந்து தூங்குவது எனக்குப் பழக்கமில்லை. எங்கள் கிள்ளானில் ஏறினால் கோலாலம்பூர் போய்ச் சேரும்வரை குளிர்சாதனம் எலும்பைத் துளைக்கும். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இங்கே, சென்னையில் ஏறிய மின்சார ரயிலின் சன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. வெயிலும் காற்றும் ஒன்றாக உள்ளே வந்தன. எதிர் இருக்கையில் ஒருத்தி மல்லிகை தொடுத்துக்கொண்டு வந்தாள். அவள் விரல்கள் போய் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எப்போது கண் மூடியது என்று தெரியாது. யாரோ "திரு" என்று தொடங்கி ஓர் ஊர்ப்பெயரைச் சொன்னது கனவுக்குள் விழுந்தது. அரைத் தூக்கத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ரயில் நகர்ந்த பிறகுதான் பலகையைப் படித்தேன். மணவூர். அடுத்த நிலையம் திருவாலங்காடாம். நான் போக வேண்டிய திருத்தணி அதற்கும் வெகுதூரம் தள்ளி இருந்தது.

எதற்காகப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் ஒரே மகள் தேன்மொழி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். உடன் வேலை பார்க்கும் முரளியைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள். முரளி திருத்தணிக்காரன், நல்ல பையன், அதுவரை எனக்கு மறுப்பில்லை. கல்யாணமானதும் இருவரும் வேலையை விட்டுவிட்டுத் திருத்தணிக்கே வந்து, அவன் அப்பாவின் விசைத்தறிக் கூடத்தை எடுத்து நடத்தப் போகிறார்கள் என்று தெரிந்தபோதுதான் மறுத்துவிடுவதென்று முடிவு செய்தேன். கணவர் போனபின் எனக்கென்று இருப்பது அவள் ஒருத்தி. சிங்கப்பூர் என்றால் நினைத்தபோது பேருந்து ஏறலாம். இது கடல் தாண்டிய தேசம். தொலைபேசியில் 'வேண்டாம்' என்று சொல்வது மரியாதையில்லை. நேரில் போய், பெற்றவர்களிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டு வருவதென்று புறப்பட்டேன். மகளிடம், "ஊரைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் முன்னோர் இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள் என்று வீட்டில் சொல்வார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. அதைத் தேடும் ஆசையும் எனக்கு வந்ததில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனாலும் இது எனக்கு வெளிநாடுதான்.

மணவூரில் வேப்பமர நிழலில் ஒரு சிமெண்டு இருக்கையில் உட்கார்ந்து முரளியின் அப்பா லோகநாதனைக் கூப்பிட்டேன். திருத்தணி நிலையத்தில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "அங்கயே இரும்மா, அசையாத. நான் வரேன்" என்றார். அதன்பின் வெகுநேரம் அங்கே எதுவும் நடக்கவில்லை. தண்டவாளத்தின் மேல் கானல் நெளிந்தது. ஆடு ஒன்று நடைமேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பயணியைப் போல நடந்து போயிற்று. ஊரில் இருந்திருந்தால் பத்து முறை கைப்பேசியைப் பார்த்திருப்பேன். அங்கே அது தோன்றவே இல்லை.

லோகநாதன் ஆட்டோவில் வந்தார். ஒல்லியான மனிதர், கைத்தறி வேட்டி, சட்டையில் பஞ்சுத்துகள். என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "வாம்மா தங்கச்சி" என்றார். கனகம்மாசத்திரத்தில் நிறுத்தி டீ வாங்கித் தந்தார். திருப்பதி போகும் பேருந்துகள் புழுதி கிளப்பிக்கொண்டு பறந்தன. எங்கள் ஊரில் தே தாரிக் என்று இழுத்து ஆற்றித் தரும் தேநீரில் பாதி தம்ளர் நுரையாக இருக்கும். இங்கே சிறிய கண்ணாடித் தம்ளரில் இஞ்சி காட்டமாக இறங்கியது. ஆட்டோ ஓட்டியவர் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"மலேசியாவுல முருகர் ரொம்பப் பெருசா கீறாராமே?"

"ஆமாம், பத்துமலையில். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்."

"இங்க சின்னவருதான். ஆனா சண்டையெல்லாம் முடிஞ்சி, கோவம் தணிஞ்சி வந்து குந்திகினு கீறாரு. அதான் தணிகைன்னு பேரு."

வீடு மலைக்குக் கீழே, ஊரைத் தாண்டி ஒரு நெசவுத் தெருவில் இருந்தது. தெருவுக்குள் நுழைந்ததுமே தறிச் சத்தம். எல்லா வீட்டுப் பின்கட்டிலும் ஒரே நேரத்தில் பெருமழை பெய்கிற மாதிரி. முரளியின் அம்மா சரோஜா வாசலில் நின்றார். என்னைவிட நாலைந்து வயது இளையவர் போலத் தெரிந்தது. "வாங்க அண்ணி" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அக்கா என்றிருந்தால் என் மகளும் அவர் மகனும் அண்ணன் தங்கை முறையாகிவிடுவார்கள். அண்ணி என்றால் கட்டிக்கொள்ளும் முறை. வாசற்படி ஏறுவதற்குள் பாதிச் சம்பந்தம் பேசியாகிவிட்டது. நான் ஜாக்கிரதையாக, "நல்லா இருக்கீங்களா, சரோஜாம்மா?" என்றேன்.

அன்று மாலை கேழ்வரகுக் களியும் புளிச்சக்கீரைக் கடையலும். மிளகாய் கண்ணில் நீர் வரவழைத்தது. கையோடு வைத்திருந்த பாட்டில் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தேன். சரோஜா கணவரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். அவர் வீடு அதிரச் சிரித்தார். "இன்னா சொல்றான்னா, உங்களுக்கு நம்ம காரமும் ஒத்துக்கல, நம்ம தண்ணியும் ஒத்துக்கல, பாவம், காத்தையாச்சும் நம்பறாங்களேங்கிறா." நானும் சிரித்தேன். வீட்டுச் சொம்பிலிருந்து தண்ணீர் வாங்கிக் குடித்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அவர்கள் வீட்டுக்குள் தெலுங்கு பேசினார்கள், தெருவில் தமிழ். பிள்ளைகளுக்கு அப்பா நைனாதான். ஒரு காலத்தில் இந்த ஊரே ஆந்திராவில் இருந்தது. போராடித் தமிழ்நாட்டோடு சேர்த்தார்கள். லோகநாதனிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "கோடு அந்தாண்ட போச்சி, இந்தாண்ட வந்துச்சி. பொண்ணு எடுக்கிறதும் குடுக்கிறதும் அப்பயும் நின்னதில்ல, இப்பயும் நிக்கல" என்றார். என் கணவர், வீட்டில் ஓர் ஆங்கிலச் சொல் விழுந்தாலே முகம் சுளிப்பவர். இந்தக் கூடத்தில் அவரை உட்காரவைத்து மனசுக்குள் பார்த்தேன். முதலில் சங்கடப்படுவார். பிறகு களி நன்றாக இருக்கிறது என்று இன்னொரு உருண்டை கேட்பார்.

சொல்ல வந்ததை அன்று சொல்லவில்லை. வந்த அன்றேவா சொல்வது?

மறுநாள் காலை சத்தம் எதுவும் கேட்காததால் விழித்தேன். அப்படி விழிப்பது விசித்திரமான அனுபவம். தறிகள் நின்றிருந்தன. மின்வெட்டு என்று நினைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. லோகநாதனும் சரோஜாவும் அதன் எதிரே நின்றபடியே இருந்தார்கள். உட்கார வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை போலிருக்கிறது.

வளைகுடாவில் ஏவுகணைகள் பறந்துகொண்டிருந்தன. இருண்ட வானத்தில் ஒளிப்புள்ளிகள் மெல்ல ஏறி, சற்று நின்று, உதிர்ந்தன. சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தால் திருவிழா வாணவேடிக்கை என்றே நினைப்போம். முரளியின் அக்கா கௌரி அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு அவளிடமிருந்து பேச்சில்லை. இவர்கள் கூப்பிட்டால் மணி போகிறது, எடுக்க ஆளில்லை. ஒருவேளை அவள் கூப்பிட்டால் சத்தத்தில் கேட்காமல் போய்விடுமே என்று தறிகளை நிறுத்தியிருந்தார் லோகநாதன்.

கிள்ளானில் காலைச் சாப்பாட்டு நேரத்தில் இப்படிப் படங்கள் வந்தால் நான் வேறு அலைவரிசைக்கு மாற்றிவிடுவேன். எந்த நாடு, யார் பக்கம் நியாயம் என்பதெல்லாம் காப்பிக்கடையில் ஆண்கள் பேசித் தீர்க்கும் சமாச்சாரம். போர் என்பது எனக்குச் செய்தி வாசிப்பவரின் குரலில் மட்டுமே இருந்தது. இந்தக் கூடத்தில் அதற்கு ஓர் உடம்பு இருந்தது. சுவரில் மாட்டிய படத்தில் வெள்ளைச் சீருடையில் சிரித்தது.

சரோஜா தெலுங்குச் செய்தியை நம்பினார். லோகநாதன் தமிழ்ச் செய்தியை. ஒன்றில் விமான நிலையம் மூடிக்கிடந்தது, மற்றொன்றில் பாதி திறந்திருந்தது. ரிமோட் இருவர் கைக்கும் மாறி மாறிப் போனது.

"அத்த போடாத, அவன் எல்லாத்தையும் பெருசு பண்ணி சொல்றான்" என்றார் லோகநாதன்.

"உங்காளு மட்டும் இன்னா, பார்த்தானா? இவன் மாதிரியே ஒரு ரூம்ல குந்திகினுதான் பேசறான்" என்றார் சரோஜா.

என்னிடம் திரும்பி, "உங்க ஊர் நியூஸ்ல இன்னா போடறாங்க, அண்ணி?" என்று கேட்டார். என் கைப்பேசியில் மலாய்ச் செய்திகளைத் தேடி, வரிவரியாகத் தமிழில் சொன்னேன். மூன்று மொழியில் கேட்டும் கௌரி எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை.

சிங்கப்பூரிலிருந்து முரளி அடிக்கடி கூப்பிட்டான். தேன்மொழியும் பேசினாள். "அம்மா, அத்தை சாப்பிட்டாங்களான்னு பாருங்க" என்றாள். எனக்கு முன்பே அவள் முறை வைத்துக் கூப்பிடத் தொடங்கிவிட்டாள். அன்று அடுப்பு பற்றவைக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தூக்கில் தயிர்சோறு வந்தது. கொண்டுவந்த பெண் ஒன்றும் கேட்காமல் சரோஜா பக்கத்தில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள். தெரு முழுவதும் தறிகள் ஓடின. இந்த வீட்டைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் போட்டதுபோல அமைதி. பிற்பகலில் அந்த அமைதியிலேயே கண்ணயர்ந்தேன். கனவில் தேன்மொழி ஒரு நீண்ட நடைமேடையில் நின்றாள். நான் கூப்பிட்டேன். மணி போனது. அவள் கையில் இருந்த கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நின்றாள், எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் விடிந்ததும் சரோஜா குளித்துவிட்டு, "நான் மலைக்குப் போறேன்" என்றார். ஆட்டோ வேண்டாமாம், படியேறித்தான் போவாராம். நானும் வருகிறேன் என்றேன். வீட்டிலிருந்து பார்த்தால் மலை கைக்கெட்டும் உயரத்தில்தான் இருந்தது. ஏறத் தொடங்கியதும் அது பின்வாங்கிக்கொண்டே போனது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள் இறங்கி வந்தன. தோளில் பூக்காவடியோடு ஒரு குடும்பம் எங்களைக் கடந்தது. "அரோகரா" என்ற குரல் மேலே போய்ப் பனிமூட்டத்தில் கரைந்தது. கீழே ஊர், ரயில் பாதை, ஏரி, அதற்கப்பால் ஆந்திரத்து மலைகள், எல்லாம் பாலில் தோய்த்த மாதிரி வெளிறிக் கிடந்தன. எல்லை எங்கே என்று தேடினேன். மேலிருந்து பார்த்தால் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

பாதியில் ஒரு மண்டபத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தோம்.

"அனுப்பும்போது பயமா இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"நான் எங்க அனுப்பனேன்? போவாதன்னுதான் சொன்னேன். மூணு நாள் பேசல அவகிட்ட. பெட்டி கட்டும்போது ஊறுகா மட்டும் வெச்சேன்." சரோஜா முழங்காலைத் தடவிக்கொண்டார். "போனவ வருசா வருசம் வரா. வந்தா ஒரு மாசம் கூத்துதான். போனப்புறம்தான் வூடு ஒரு மாதிரியா கீது. பழகிடும்னு சொன்னாங்க எல்லாரும். பழகல அண்ணி. ஆனா இருக்க முடியுது."

நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல அதைவிட நல்ல இடம் வாய்த்திருக்காது. வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்று, "போகலாமா?" என்றேன்.

சந்நிதியில் கூட்டம் நெருக்கியது. சரோஜா அர்ச்சனைத் தட்டை நீட்டவில்லை, கண்ணை மூடவும் இல்லை. நேராகப் பார்த்துத் தெலுங்கில் வேகமாகப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் அது வேண்டுதல் இல்லை, கண்டிப்பு என்று குரலில் தெரிந்தது.

பிராகாரத்தில் விபூதியை மடித்துக்கொண்டிருந்தபோது அவர் இடுப்பில் செருகியிருந்த கைப்பேசி அதிர்ந்தது. சரோஜாவால் விரலை நகர்த்த முடியவில்லை. நான் வாங்கி அழுத்தி அவர் காதில் வைத்தேன். ஒரு கணம் கேட்டார். பிறகு அங்கேயே, தூணோரம், கல்தரையில் உட்கார்ந்துவிட்டார். "எங்கடி கீற? எங்கடி கீற?" என்பதைத் தவிர வேறொன்றும் அவரால் சொல்ல முடியவில்லை.

கௌரிக்கு ஒன்றுமில்லை. பிறந்த குழந்தைகள் இருந்த பிரிவு மேல்மாடியில் இருந்ததாம். தாக்குதல் தொடங்கியதும் குழந்தைகளையும் தாய்மார்களையும் அடித்தளத்துக்கு இறக்கியிருக்கிறார்கள். கைப்பேசி மேலேயே அலமாரியில் தங்கிவிட்டது. இப்போதுதான் போய் எடுத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் படத்தோடு பேசும் அழைப்பில் அவளை மறுபடி பிடித்தோம். கண்ணுக்குக் கீழே கருத்து, தலைமுடி கலைந்து, ஆனால் சுவரில் இருந்த அதே சிரிப்பு. லோகநாதன் எடுத்த எடுப்பில், "வந்துடும்மா. எந்த பிளேனு கெடச்சாலும் ஏறிடு" என்றார்.

"பிளேன் வுட்டாலும் இப்ப வர முடியாது நைனா. பொறந்து ரெண்டு நாளான புள்ளைங்க கீதுங்க இங்க. அத வுட்டுட்டு நான் எப்டி வர்றது?"

"உன் உசுரு முக்கியமில்லையா?"

"முக்கியம்தான். நான் இனிமே மேல போவமாட்டேன், கீழதான் கீறேன். சொல்றதக் கேளு நைனா."

அவர் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "தங்கச்சி, நீ டீச்சரு. எத்தினி புள்ளைங்களுக்குப் புத்தி சொல்லியிருப்ப. இவளுக்கும் சொல்லு."

நான் வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். ஓடாத தறிகளில் பாதி நெய்த லுங்கிகள் கட்டம் கட்டமாக விரைத்து நின்றன. என்ன சொல்வது? முன்பின் பார்த்திராத பெண். "சாப்பிட்டியாம்மா?" என்றேன்.

"ஆங், சாப்பிட்டேன் அத்தை. நைனா சொல்லச் சொன்னத சொல்லாதீங்க, ப்ளீஸ்." சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்தினாள். "ஒன்னு கேக்கட்டுமா? நீங்க முரளிய வேணாம்னு சொல்லத்தான வந்தீங்க?"

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. நீங்க வந்த அன்னிக்கு சாயங்காலம் அம்மா போட்ட மெசேஜ இன்னிக்குத்தான் பார்த்தேன். நான் அண்ணின்னு கூப்டறேன், அவங்க சரோஜாம்மான்னே கூப்டறாங்கடீன்னு. அம்மாவுக்குப் புரியாம இருக்குமா?"

அவளே தொடர்ந்தாள். "வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க அத்தை, தப்பில்ல. ஆனா வூடு இப்டி பயந்துகினு கீறதப் பார்த்துட்டு, பாவம்னு சரின்னு மட்டும் சொல்லிடாதீங்க. அது என் தம்பிக்கு மரியாதை இல்ல. உங்க பொண்ணுக்கும் இல்ல." யாரோ அவளைக் கூப்பிடுவது கேட்டது. கூடவே ஒரு குழந்தையின் அழுகை, மிக மெல்லியதாக, பூனைக்குட்டி மாதிரி. "வெச்சிடறேன்" என்றாள்.

கூடத்துக்கு வந்தேன். லோகநாதன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவள் இப்போதைக்கு வரமாட்டாள், அண்ணே" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். ஒவ்வொன்றாகத் தறிகள் உயிர் பெற்றன. வீட்டைச் சுற்றியிருந்த வட்டம் அழிந்து, தெருச் சத்தத்தோடு இந்தச் சத்தமும் சேர்ந்துகொண்டது. சரோஜா முகம் கழுவிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். பருப்பும் கீரையும் சேர்த்துக் கடைந்து, நெய் விட்டு, எனக்கு முதலில் போட்டார். எனக்கென்று மிளகாயைக் குறைத்திருந்தார்.

மறுநாள் நான் புறப்பட வேண்டும். காலையில் சரோஜா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நான் ஈரச் சேலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் சொன்னேன். கௌரி சொன்னதால் மட்டும் இல்லை. அந்த வீட்டில் இன்னொரு நாள் அதை வயிற்றில் வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

"நான் வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன். முரளி மேல் ஒரு குறையும் இல்லை. உங்கள் மேலும் இல்லை. அவளை இவ்வளவு தூரத்தில் வைத்துவிட்டு என்னால் இருக்க முடியுமா என்று தெரியவில்லை. நீங்க நேற்றும் முந்தாநாளும் பட்டதைப் பார்த்த பிறகு பயம் கூடித்தான் இருக்கிறது."

சரோஜா சேலையை உதறிக் கொடியில் போட்டார். சுருக்கத்தை நீவினார். அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன்.

"உங்க பொண்ணு இங்க சந்தோசமா இருப்பான்னு நான் சொல்லமாட்டேன்" என்றார். "எனக்கே தெரியாது. வெயில் கீது, காரம் கீது, நான் கீறேன். எனக்கும் கோவம் வரும். கௌரி கீற ஊர்ல எனக்கு ஒரு ஆளத் தெரியாது. அவ போன எடுக்கலன்னா வேற யாரக் கூப்டறதுன்னு தெரியாம ரெண்டு நாளு செவுத்தப் பாத்துகினு இருந்தேன். உங்களுக்கு அப்டி இல்ல. உங்க பொண்ணு எடுக்கலன்னா நான் எடுப்பேன். எந்நேரம் கூப்டாலும் எடுப்பேன்."

நான் கூடையிலிருந்து அடுத்த துணியை எடுத்துக் கொடுத்தேன். இருவரும் முறுக்கிப் பிழிந்தோம். தண்ணீர் மண்ணில் விழுந்த வேகத்தில் காய்ந்தது. எனக்குப் பயம் போய்விடவில்லை, அதை இங்கே எழுதியாக வேண்டும். ஆனால் அந்தப் பயத்தைக் காட்டி மகளை நிறுத்திவைக்கும் எண்ணம் எங்கோ அந்தக் கொடியோரத்திலேயே என்னைவிட்டு இறங்கிவிட்டது.

சென்னை ரயிலில் என் பக்கத்து இருக்கைக்காரர் கைப்பேசியில் செய்தி கேட்டுக்கொண்டு வந்தார். வளைகுடாவில் வான்வழி சிறிது சிறிதாகத் திறக்கிறது என்றது ஒரு குரல். வெளியே தாடி வளர்ந்த பனைகள் வெயிலில் மிதந்து பின்னால் போயின. தூக்கம் வந்தது, ஆனால் தூங்கவில்லை. தேன்மொழியைக் கூப்பிட்டேன். முதல் மணி முடியும் முன்பே எடுத்துவிட்டாள்.

"கையிலேயே வைத்திருந்தாயா?" என்றேன்.

"நாலு நாளா" என்றாள்.

"கல்யாணத் தேதியை அவர்களையே பார்க்கச் சொல்" என்றேன். நான் மறுக்கத்தான் போனேன் என்பது சொல்லாமலே அவளுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. ரயில் ஒரு பாலத்தைக் கடந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அம்மா, நான் திருத்தணி போயிட்டா நீங்க எங்கே போவீங்க அப்போ?" என்றாள்.

"கிள்ளானுக்குத்தான். வேறெங்கே? நீ கூப்பிட்டால் எடுப்பேன்."